ஃபிஜியின் முதல் நாடாளுமன்றத் தேர்தல், 1972: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் ஃபிஜியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கரும்புத் தோட்டத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய நம்மவர் பட்ட பாடு மறக்கக் கூடியதன்று. ஆயினும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒரு சுதந்திர நாட்டின் குடிமக்களாக முதன்முறை வாக்களிக்கச் சென்ற கதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டியதே. அந்தத் தேர்தல் 1972 ஏப்ரல் 15 முதல் 29 வரை நடைபெற்றது. அது குறித்துப் பொதுவாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

ஃபிஜி 1970ஆம் ஆண்டிலேயே விடுதலை பெற்றுவிட்டதே, முதல் தேர்தல் ஏன் 1972 வரை தள்ளிப் போனது?

விடுதலைக்கு முன்பாகத் தேர்தல் வேண்டாம் என்று அலையன்ஸ் கட்சி, தேசியக் கூட்டாட்சிக் கட்சி ஆகிய இரு பெரிய கட்சிகளும் சேர்ந்தே முடிவு செய்தன. பொதுவாகக் காலனி நாடுகளில் முதலில் தேர்தல் நடக்கும். வென்றவர் கையில் ஆட்சி ஒப்படைக்கப்படும். ஃபிஜியில் அந்த வரிசை மாறியதற்குக் காரணம் அச்சம். 1968இல் இந்தியர்களுக்குரிய ஒன்பது தொகுதிகளில் நடந்த இடைத்தேர்தல்களில், இந்தியர்களை அடித்தளமாகக் கொண்ட கூட்டாட்சிக் கட்சி முன்னைவிடப் பெரிய வாக்கு வித்தியாசத்தில் வென்றபோது, பூர்வீக ஃபிஜியர்கள் பல ஊர்களில் திரண்டு தங்கள் சினத்தை வெளிப்படுத்தினர். அந்தச் சூடு ஆறாத நிலையில் விடுதலைத் தேதியை வைத்துக்கொண்டு ஒரு தேர்தலை நடத்தினால், அது இனப் பூசலில் போய் முடியும் என்று இரு தரப்புத் தலைவர்களுமே எண்ணினர்.

ஆகவே 1970 ஏப்ரல், மே மாதங்களில் லண்டனில் நடந்த அரசியலமைப்பு மாநாட்டில், இருக்கும் சட்டமன்றத்தையே தொடர விட்டு விடுதலை பெறுவது என்று உடன்பாடு ஏற்பட்டது. முதல்வராக இருந்த அலையன்ஸ் தலைவர் ராத்து சர் கமிசேசே மாரா அப்படியே பிரதமரானார் (‘ராத்து’ என்பது பூர்வீகக் குலத் தலைவர்களுக்குரிய பட்டம்). கூட்டாட்சிக் கட்சியின் சித்திக் கோயா எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். அக்டோபர் 9ஆம் நாள் சூரியன் மறையும் வேளையில் சுவா நகரின் ஆல்பர்ட் பூங்காவில் பிரிட்டிஷ் கொடி மரியாதையுடன் இறக்கப்பட்டது. மறுநாள் காலை அதே திடலில் புதிய கொடி ஏறியது. 1874 அக்டோபர் 10இல் பூர்வீகக் குலத் தலைவர்கள் தீவுகளைப் பிரிட்டனிடம் ஒப்படைத்ததிலிருந்து சரியாக 96 ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்தக் காலை இளவரசர் சார்லஸிடமிருந்து ஆவணங்களைப் பெற்றுக்கொண்ட அரசு, புதிய அரசியலமைப்பின் கீழ் மக்களைச் சந்தித்தது 1972இல்தான்.

இனம் ஏன் இவ்வளவு முக்கியமான கேள்வியாக இருந்தது?

1966ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகை சுமார் 4,77,000. அதில் இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ 51 விழுக்காடு. பூர்வீக ஃபிஜியர் 42 விழுக்காடு. எஞ்சியவர்களில் ஐரோப்பியர், கலப்பினத்தவர், சீனர், ரொத்துமா தீவினர், பிற பசிபிக் தீவினர் அடங்குவர்.

நிலமோ வேறு கணக்கு. முதல் முழுநேர ஆளுநரான சர் ஆர்தர் கார்டன் பூர்வீகக் குடிகளின் நிலம் கைமாறக் கூடாது என்று தடுத்தார். அவர்களைத் தோட்ட வேலைக்கு இழுக்கவும் அவர் விரும்பவில்லை. அதன் விளைவாகவே 1879 மே 14 அன்று லியோனிதாஸ் என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளுடன் வந்து சேர்ந்தது. 1916இல் கப்பல்கள் நிற்பதற்குள் சுமார் 60,000 பேர் வந்திறங்கியிருந்தனர். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தபின் பெரும்பாலோர் அங்கேயே தங்கினர். நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பூர்வீகக் குலங்களுக்கு உரியது; அதை விற்க முடியாது. கரும்பு பயிரிட்டு நாட்டுக்கு வருமானம் ஈட்டித் தந்த இந்திய விவசாயி குத்தகைதாரராகவே இருந்தார். ஒருவரிடம் மண், மற்றவரிடம் எண்ணிக்கை. ஒவ்வொருவரும் மற்றவரிடம் இருப்பதைக் கண்டு அஞ்சினர். தேர்தல் முறை பற்றிய அத்தனை விவாதங்களின் அடியிலும் இந்த அச்சமே இருந்தது.

பிரதிநிதிகள் சபையில் இடங்கள் எவ்வாறு பிரிக்கப்பட்டன?

மொத்தம் 52 இடங்கள். பூர்வீக ஃபிஜியர்க்கு 22, இந்தியர்க்கு 22, ‘பொது வாக்காளர்’ எனப்பட்ட ஏனையோர்க்கு 8. இவற்றுள் 27 இடங்கள் இனவாரித் தொகுதிகள்: ஃபிஜியர் 12, இந்தியர் 12, பொது வாக்காளர் 3. அங்கே அந்தந்த இனத்தவரே வேட்பாளர், அந்தந்த இனத்தவரே வாக்காளர். மற்ற 25 இடங்கள் தேசியத் தொகுதிகள். அங்கே வேட்பாளரின் இனம் முன்னரே வரையறுக்கப்பட்டிருக்கும். ஆனால் எல்லா இனத்தவரும் அவருக்கு வாக்களிக்கலாம். இந்த 25இல் ஃபிஜியர்க்கு 10, இந்தியர்க்கு 10, பொது வாக்காளர்க்கு 5.

‘பொது வாக்காளர்’ என்ற பெயர் தமிழில் படிப்பவரைக் குழப்பக் கூடும். அதற்கும் அனைவருக்குமான பொதுமைக்கும் தொடர்பில்லை. ஃபிஜியருமல்லாத இந்தியருமல்லாத எல்லாரும் அந்தப் பெயரின் கீழ் வந்தனர். ரொத்துமா தீவினரும் பிற பசிபிக் தீவினரும் ஃபிஜியர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். மக்கள்தொகையில் மிகச் சிறு பகுதியினராக இருந்த பொது வாக்காளர் பிரிவுக்குச் சபையில் 15 விழுக்காட்டு இடங்கள் கிடைத்தன என்பதை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது; முடிவுகளைப் புரிந்துகொள்ள அது உதவும்.

ஒரு வாக்காளருக்கு நான்கு வாக்குகள் இருந்தன என்பது உண்மையா?

உண்மை. பா நகருக்கு அருகே குத்தகை நிலத்தில் கரும்பு போட்டிருக்கும் ஓர் இந்திய விவசாயியை எண்ணிப் பாருங்கள். வாக்குச்சாவடிக்குள் நுழையும் அவர் முதலில் தன் இனவாரித் தொகுதியில் ஓர் இந்திய வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் போட்டியில் அவருடைய பக்கத்து வயலின் ஃபிஜியருக்குப் பங்கில்லை. அதன்பின் தேசியத் தொகுதிக்காக மூன்று வாக்குகள்: ஓர் இந்தியருக்கு ஒன்று, ஒரு பூர்வீக ஃபிஜியருக்கு ஒன்று, ஒரு பொது வாக்காளர் பிரிவினருக்கு ஒன்று. இந்த மூன்றிலும் பக்கத்து வயல்காரரும் அவரும் ஒரே பெயர்களைத்தான் பார்க்கின்றனர்.

ஆக, ஒருவர் கையிலிருந்த நான்கு வாக்குகளில் ஒன்று மட்டுமே தன் இனத்துக்குள் அடைபட்டது. மற்ற மூன்றும் இன வரம்பைத் தாண்டிச் சென்றன. காகிதத்தில் பார்த்தால் இது இணக்கத்தை வளர்க்கும் ஏற்பாடு போலத் தோன்றும். அந்த நோக்கத்தோடு இதை ஆதரித்தவர்களும் உண்டு. ஆனால் எந்த வாக்கை இடும்போதும் வேட்பாளரின் இனம் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தது. வாக்காளர் எந்தப் பட்டியலில் இருப்பார் என்பதையும் அவருடைய பிறப்பே தீர்மானித்தது. என் பார்வையில் அந்த முறையின் ஆழமான குறை இதுவே: தன்னை வெறும் ஃபிஜி குடிமகனாகப் பதிவு செய்துகொள்ள விரும்பிய ஒருவருக்கு அங்கே ஒரு பட்டியல் இல்லை.

வாக்களிக்கும் வயது 21.

‘பொதுப் பட்டியல்’ கோரிக்கை என்பது என்ன? அதைச் சிலர் கேட்டதும் சிலர் எதிர்த்ததும் ஏன்?

எல்லாக் குடிமக்களும் ஒரே வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும், எந்த இனத்தவரும் எந்தத் தொகுதியிலும் நிற்கலாம் என்பதே அந்தக் கோரிக்கை. அது 1972இல் புதிதாக முளைத்ததன்று. 1929இல் இந்தியர்களுக்கு முதன்முதலாகச் சட்டமன்றத்தில் மூன்று தேர்வு இடங்கள் கிடைத்தபோது, வென்று சென்ற விஷ்ணு தேவ் உள்ளிட்ட மூவரும் பொதுப் பட்டியல் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தனர். அது தோற்றதும் வெளியேறினர். பின்னர் ஏ. டி. படேல் அந்தக் கோரிக்கையைத் தன் வாழ்நாள் பணியாகவே கொண்டார். குஜராத்திலிருந்து 1928இல் வந்த வழக்கறிஞர் அவர். இன அடிப்படையில் வாக்களிக்கும் மக்கள் இன அடிப்படையிலேயே சிந்திப்பர், ஒரு நாடாக ஒன்றுசேர மாட்டார்கள் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

எதிர்த்தவர்களுக்கும் காரணம் இருந்தது. அதை இனவெறி என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்குவது நியாயமாகாது. பூர்வீக ஃபிஜியர் 1963 வரை நேரடியாக வாக்களித்ததே இல்லை. அவர்களின் பிரதிநிதிகளைப் பூர்வீகக் குலத் தலைவர்கள் அடங்கிய தலைவர்கள் பேரவை பரிந்துரைக்க, ஆளுநர் நியமித்து வந்தார். அவர்கள் தேர்தல் அரசியலுக்கு வந்து பத்தாண்டுகூட ஆகாத நிலையில், எண்ணிக்கையில் மிகுந்த மற்றொரு சமூகத்துடன் ஒரே பட்டியலில் நின்றால் தங்கள் சொந்த மண்ணில் தாங்களே சிறுபான்மையாகிவிடுவோம் என்ற கவலை அவர்களிடம் இருந்தது. பக்கத்திலுள்ள நியூசிலாந்தில் மாவோரி மக்களின் நிலம் போன கதையையும் அவர்கள் அறிந்திருந்தனர்.

லண்டன் மாநாட்டில் இந்த முடிச்சு அவிழவில்லை. படேல் 1969 அக்டோபரில் காலமாகியிருந்தார். அவருக்குப் பின் தலைமையேற்ற கோயா, மாராவுடன் இணங்கிப் போகும் மனநிலையில் இருந்தார். எனவே இடைக்கால ஏற்பாடாக மேற்சொன்ன 52 இடப் பங்கீட்டை ஏற்பது, முதல் தேர்தல் முடிந்தபின் அரச ஆணையம் ஒன்று தேர்தல் முறையை ஆராய்ந்து பரிந்துரைப்பது என்று முடிவாயிற்று. 1972 தேர்தலைப் பற்றிப் பேசும் எவரும் இந்த நிபந்தனையை விட்டுவிட்டுப் பேசினால் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

போட்டியிட்ட கட்சிகள் எவை?

முதன்மையான போட்டி இரண்டு கட்சிகளுக்கிடையே. மாராவின் தலைமையிலான அலையன்ஸ் கட்சி மூன்று பிரிவுகளின் கூட்டு: ஃபிஜியர் சங்கம், இந்திய அலையன்ஸ், பொது வாக்காளர் சங்கம். மாரா லாவு தீவுகளின் உயர்குடித் தலைவர். நியூசிலாந்தின் ஒட்டாகோவில் மருத்துவம் பயின்று, அதை முடிக்காமலே ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பப்பட்டவர். எல்லா இனங்களுக்கும் இடமளிக்கும் கட்சி தங்களுடையதே என்பது அவர்களின் முழக்கம். எதிரே நின்ற தேசியக் கூட்டாட்சிக் கட்சி கரும்பு விவசாயிகளின் போராட்டங்களிலிருந்து வளர்ந்தது. அதன் அடித்தளம் இந்தியர்களே என்றாலும் பூர்வீக ஃபிஜியர்களையும் வேட்பாளர்களாக நிறுத்தியது.

தென்னிந்தியர்களுக்கு இதில் என்ன பங்கு?

ஒப்பந்தக் கூலிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள்: தமிழர், தெலுங்கர், மலையாளிகள். கல்கத்தாக் கப்பல்களில் வந்தவர்கள் பேசிய மொழி ஏற்கெனவே வேரூன்றிவிட்டதால், பின்னால் வந்த இவர்கள் ஃபிஜி இந்தியைக் கற்றே பிழைக்க வேண்டியிருந்தது. ‘மதராசி’ என்ற பெயரில் தாழ்வாக நடத்தப்பட்ட காலமும் உண்டு. தங்கள் மொழிகளையும் வழிபாட்டையும் காப்பதற்காகச் சாது குப்புசாமியின் முன்முயற்சியில் 1926இல் நாந்தியில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் தோன்றியது. ஊரில் அனைவரும் அதைச் ‘சங்கம்’ என்றே சொல்வர். நாட்டின் பல பள்ளிகள் அதனுடையவை.

அரசியலில் இதன் தாக்கம் படேல் வழியாக வந்தது. சங்கத்தின் அழைப்பின்பேரில் வந்த ராமகிருஷ்ண மிஷன் துறவி சுவாமி ருத்ரானந்தாவும் படேலும் சேர்ந்து 1941இல் கரும்பு விவசாயிகளுக்காக மகா சங்கத்தைத் தொடங்கினர். 1943ஆம் ஆண்டின் பெரும் கரும்பு வேலைநிறுத்தத்தில் அது முன்னின்றது. குஜராத்தியரான படேலுக்குத் தென்னிந்திய விவசாயிகளிடம் இருந்த செல்வாக்கு அங்கிருந்து வருவது. 1972இல் கட்சியை வழிநடத்திய சித்திக் கோயாவும் பா பகுதியில் பிறந்த, மலபார் வழிவந்த முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

கரும்பு விலைக்கும் தேர்தலுக்கும் தொடர்பு உண்டா?

நெருங்கிய தொடர்பு உண்டு. ஆலைகளைத் தன் பிடியில் வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் காலனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனிக்கும் விவசாயிகளுக்கும் இடையிலான வழக்கை இங்கிலாந்து நீதிபதி டென்னிங் பிரபு விசாரித்தார். விவசாயிகள் தரப்பில் படேல் 1969இல் வாதாடினார். தீர்ப்பைக் காண அவர் உயிரோடு இல்லை. 1970இல் வந்த தீர்ப்பு விவசாயிகளுக்குச் சாதகமாக அமைந்தது. கம்பெனி அந்த விதிமுறையில் தொழில் நடத்த இயலாது என்று கூறி, 1973இல் நாட்டை விட்டே வெளியேறியது. ஆகவே தேர்தல் நடந்தபோது கரும்புப் பகுதி வாக்காளர்கள், தொண்ணூறு ஆண்டுகளாகத் தங்கள் வாழ்வை அளந்துகொடுத்த ஒரு நிறுவனம் மூட்டை கட்டுவதைப் பார்த்துக்கொண்டே வாக்களித்தனர். அந்த வெற்றியைப் பெற்றுத் தந்த கட்சிக்கு இந்தியத் தொகுதிகளில் கிடைத்த ஆதரவில் வியப்பில்லை.

வாக்குப்பதிவு ஏன் பதினைந்து நாட்கள் நீடித்தது?

தீவுகள்தான் காரணம். விட்டி லெவு, வனுவா லெவு ஆகிய இரு பெருந்தீவுகளில் பெரும்பாலோர் வாழ்ந்தாலும், ஏறத்தாழ நூறு தீவுகளில் மக்கள் இருந்தனர். லாவு தீவுக்கூட்டம் கிழக்கே தொலைவில்; ரொத்துமா வடக்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளித் தனியாக. வாக்குப் பெட்டிகளும் அலுவலர்களும் கடல் வழியே போய்த் திரும்ப வேண்டும்.

பெண்கள் வாக்களித்தார்களா?

ஆம். பெண்களுக்கு வாக்குரிமை 1963 தேர்தலிலேயே வந்துவிட்டது. 1966இல் வென்று சட்டமன்றம் சென்ற ஐரின் ஜெய் நாராயண், லக்னோவில் பிறந்து திருமணத்தின் பின் ஃபிஜி வந்த ஆசிரியை. கூட்டாட்சிக் கட்சியின் கூர்மையான பேச்சாளர்களில் ஒருவரான அவர் 1972இலும் வென்றார்.

முடிவு என்ன?

அலையன்ஸ் கட்சிக்கு 33 இடங்கள். தேசியக் கூட்டாட்சிக் கட்சிக்கு 19. மாரா பிரதமராகத் தொடர்ந்தார்.

இந்த இரண்டு எண்களைவிட அவற்றின் உட்பிரிவு அதிகம் பேசுகிறது. இந்தியர்க்கான 12 இனவாரி இடங்களையும் கூட்டாட்சிக் கட்சி முழுமையாக வென்றது. ஃபிஜியர்க்கான 12 இடங்களும் பொது வாக்காளர்க்கான 3 இடங்களும் முழுமையாக அலையன்ஸுக்குச் சென்றன. தேசியத் தொகுதிகள் 25இல் அலையன்ஸ் 18, கூட்டாட்சிக் கட்சி 7. அந்த 7 பேரில் பூர்வீக ஃபிஜியரும் இருந்தனர். இந்தியக் கட்சி என்று பெயர் வாங்கிய ஒன்றின் சார்பில் அவர்கள் நாடாளுமன்றத்தில் அமர்ந்தது சிறிய செய்தியன்று.

இந்தியர்கள் பாதிக்கு மேல் இருந்தும் கூட்டாட்சிக் கட்சி இவ்வளவு பின்தங்கியது எப்படி?

இந்தியர் இனவாரித் தொகுதிகளில் பதிவான வாக்குகளில் சுமார் 24 விழுக்காடு அலையன்ஸுக்கு விழுந்தது. ஒரு தொகுதியைக்கூட அதனால் வெல்ல முடியவில்லை. ஆனால் தேசியத் தொகுதிகளில் அந்த 24 விழுக்காடுதான் தேர்தலையே தீர்மானித்தது. ஓர் எடுத்துக்காட்டாக, 50 இந்தியரும் 43 ஃபிஜியரும் 7 பொது வாக்காளரும் உள்ள ஒரு தொகுதியைக் கற்பனை செய்துகொள்வோம். ஃபிஜியரும் பொது வாக்காளரும் ஏறத்தாழ ஒரே பக்கம் நின்றால் 50 வாக்குகள். இந்தியரில் நான்கில் ஒருவர் அந்தப் பக்கம் சென்றால் மேலும் 12. எதிர்த்தரப்புக்கு 38 மட்டுமே மிஞ்சும். இந்தியர் மிக அடர்த்தியாக வாழ்ந்த கரும்புப் பகுதிகளில்தான் கூட்டாட்சிக் கட்சியால் இந்தக் கணக்கை முறியடிக்க முடியும். பொது வாக்காளர் பிரிவின் 8 இடங்கள் இதற்கு மேலும் பலம் சேர்த்தன.

இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது. ஃபிஜியர் வாக்கு பிளவுபடாமல் இருக்கும் வரைதான் அலையன்ஸ் பாதுகாப்பாக இருக்கும்.

தேர்தல் அமைதியாக நடந்ததா?

நடந்தது. 1968இன் கொந்தளிப்பை நினைத்து அஞ்சியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். தோற்ற கட்சி முடிவை ஏற்றுக்கொண்டு எதிர் வரிசையில் அமர்ந்தது. புதிய சபையின் சபாநாயகராகக் கூட்டாட்சிக் கட்சியைச் சேர்ந்த ஆர். டி. படேல் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெரும்பான்மை கையிலிருந்த ஓர் அரசு சபையின் உச்ச நாற்காலியை எதிர்க்கட்சிக்காரருக்கு அளித்த அந்த நாட்களில் இரு தரப்பிலும் நல்லெண்ணம் மெய்யாகவே இருந்தது என்று நான் நம்புகிறேன்.

செனட் சபைக்கும் தேர்தல் உண்டா?

இல்லை, 22 உறுப்பினரும் நியமிக்கப்பட்டவர்கள். தலைவர்கள் பேரவை 8 பேரையும், பிரதமர் 7 பேரையும், எதிர்க்கட்சித் தலைவர் 6 பேரையும், ரொத்துமா மன்றம் ஒருவரையும் முன்மொழிந்தனர். ஃபிஜியரின் நிலம், வழக்காறு ஆகியவற்றைக் காக்கும் சட்டங்களைத் திருத்த வேண்டுமானால் தலைவர்கள் பேரவையின் 8 பேரில் 6 பேராவது இசைய வேண்டும். நிலத்துக்கு இத்தகைய பூட்டு இருந்தபின்பும் பொதுப் பட்டியலுக்கு ஏன் அஞ்ச வேண்டும் என்று கூட்டாட்சிக் கட்சியினர் கேட்டதில் நியாயம் இருந்தது.

வாக்குறுதி அளித்தபடி அரச ஆணையம் அமைக்கப்பட்டதா?

அமைக்கப்பட்டது. பேராசிரியர் ஹாரி ஸ்ட்ரீட் தலைமையிலான ஆணையம் 1975இல் ஆராய்ந்து, 27 இனவாரி இடங்களை அப்படியே விட்டு, 25 தேசிய இடங்களை மட்டும் வேட்பாளரின் இனம் குறிக்காமல் பொதுப் பட்டியலில், மாற்றத்தக்க ஒற்றை வாக்கு முறையில் (வாக்காளர் வேட்பாளர்களைத் தன் விருப்ப வரிசைப்படி குறிக்கும் முறை) நிரப்பலாம் என்று பரிந்துரைத்தது. பாதி வழி மட்டுமே செல்லும் மிதமான யோசனை. மாராவின் அரசு அதை ஏற்கவில்லை. ஆணையத்தை நம்பி 1970இல் கையெழுத்திட்ட கோயாவின் கட்சிக்குள் ஏமாற்ற உணர்வு படர்ந்தது. அவருடைய தலைமையையே அது அரித்தது.

அதே 1975இல் மறுபக்கத்திலும் ஒரு விரிசல் வெளிப்பட்டது. 1972இல் அலையன்ஸ் சார்பில் வென்ற சகேயாசி புத்தாந்த்ரோக்கா, அக்கட்சியிலிருந்து பிரிந்து ஃபிஜிய தேசியவாதக் கட்சியைத் தொடங்கியிருந்தார். இந்திய வம்சாவளியினரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று அவர் நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். சபை அதை ஏற்கவில்லை. ஆனால் 1977இன் முதல் தேர்தலில் அவர் கட்சி ஃபிஜியர் வாக்குகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைப் பிரித்தது. கூட்டாட்சிக் கட்சி 26 இடங்கள் பெற்று முந்தியது, அலையன்ஸுக்கு 24. யார் பிரதமர் என்று கூட்டாட்சிக் கட்சி தனக்குள் முடிவெடுக்கத் தயங்கிய சில நாட்களில், பிரிட்டிஷ் அரசியின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் ராத்து சர் ஜார்ஜ் தாகொம்பாவு மாராவையே மீண்டும் நியமித்தார். செப்டம்பரில் மறுதேர்தல், கூட்டாட்சிக் கட்சி ‘புறா’, ‘பூ’ என்ற சின்னங்களின் பெயரில் இரண்டாகப் பிளந்து நின்றது, அலையன்ஸ் 36 இடங்களுடன் திரும்பியது.

பொதுப் பட்டியல் என்றாவது வந்ததா?

வந்தது, கேட்டவர்கள் விரும்பிய வழியில் வரவில்லை. 1987இல் டாக்டர் திமோதி பவந்த்ராவின் கூட்டணி அலையன்ஸை முதன்முறையாக ஆட்சியிலிருந்து அகற்றியது. அந்த அரசு ஒரு மாதம் நீடித்தது. மே 14 அன்று, லியோனிதாஸ் வந்து சேர்ந்த அதே தேதியில், லெப்டினன்ட் கர்னல் ரம்புக்காவின் படையினர் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து ஆட்சியைக் கவிழ்த்தனர். அடுத்தடுத்த ஆண்டுகளில் பல்லாயிரம் இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கனடாவுக்கும் பெயர்ந்தன. மேலும் கலகங்கள் 2000இலும் 2006இலும் நடந்தன.

இறுதியில், 2006இல் ஆட்சியைக் கைப்பற்றிய ராணுவத் தளபதி பைனிமராமாவின் அரசு 2013இல் பிறப்பித்த அரசியலமைப்பு, இனவாரிப் பட்டியல்களை முற்றிலும் நீக்கியது. வாக்களிக்கும் வயதையும் 18ஆகக் குறைத்தது. 2014 செப்டம்பர் 17 அன்று ஃபிஜியின் வாக்காளர்கள், நாடு முழுவதும் ஒரே தொகுதியாக அமைந்த 50 இடச் சபைக்கு, ஒரே பட்டியலில் நின்று, ஆளுக்கு ஒரு வாக்கு அளித்தனர். விஷ்ணு தேவும் மற்ற இருவரும் சட்டமன்றத்தை விட்டு வெளியேறி அப்போது 85 ஆண்டுகள் ஆகியிருந்தன.